தேதி போடாத தாள்

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உடம்பால் நன்றாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புத்தி எப்படி இருக்கிறது என்றுதான் இந்தத் தடவை கேட்க வேண்டியிருக்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும், உலகத்தில் வேறு யாருக்கும் வராத கோளாறு அது, அம்மா திட்ட ஆரம்பித்தால் மட்டும் வரும். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. அதோடு இந்த உறைக்குள் ஒரு தாளும் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் அந்தத் தாளை எடு. ஒரு வரி விடாமல் படி. எதையும் முழுதாகப் படிக்கிற வழக்கத்தைத்தான் நீ தலைமுழுகிவிட்டாயே.

இங்கே சொல்லிக்கொள்ளும்படி புதிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று உன் அப்பா தானே சரிசெய்ய இறங்கி, இப்போது ஒழுகாமல் இருந்த குழாயும் சேர்ந்து ஒழுகுகிறது. அவருக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு பேப்பரில் காலமானவர்கள் பக்கத்தை மட்டும் வரிவரியாகப் படிக்கிறார். உன் மாமா வாரத்தில் மூன்று நாள் இங்கேதான் டீ குடிக்கிறான். உன் புது வேலை விஷயத்துக்குத் தானே ஆலோசகர் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறான். முப்பது வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு துறைமுகக் கிடங்கில் பதினொரு மாதம் பெட்டி எண்ணிவிட்டுத் திரும்பியவன், அந்தப் பதினொரு மாதத்தை இன்னும் தோசைக்கல் மாதிரி சூடு ஆறாமல் வைத்திருக்கிறான். "அக்கா, வெளிநாட்டுல சட்டமெல்லாம் கடிகாரம் மாதிரி ஓடும், நாம ஒண்ணும் பார்க்கவே வேண்டாம், போய் நின்னா போதும்" என்கிறான். அங்கே இவனை எதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது இன்றுவரை இவனுக்கே தெரியாது, அவ்வளவு சட்டம் தெரிந்தவன். என் தம்பி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் டீ கேட்டால் போட்டுக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்.

போன வியாழக்கிழமை காலையில் இவன் வேலைக்கு ஆள் அனுப்புகிற அந்த ஏஜென்டைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். ஆளுக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. நான் மனசுக்குள் சென்ட்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். உன் ஒப்பந்தத் தாள்களை நீ கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பிவிட்டாயாம், பெற்றவர்களில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடுமாம். நீயும் முந்தின நாள் போனில், "அப்பா ஒரே ஒரு கையெழுத்துப் போட்டா போதும்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்லியிருந்தாய். உன் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, தலைசீவிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். மகள் வேறு நாட்டில் செயற்கைப் பல் செய்கிற பெரிய லேபுக்குப் போகிறாள் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. சென்ட்டுக்காரர் பையைத் திறந்து தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். அடுக்கி வைக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, சீட்டாடுகிறவன் சீட்டைப் பிடிக்கிற மாதிரி விரித்து, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடுகிற அடிப்பக்கம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். இடது உள்ளங்கையை மேல் தாளின் எழுத்தின்மேல் சும்மா வைப்பது போல் வைத்துக்கொண்டார். பேனாவை மூடி கழற்றி நீட்டினார். உன் அப்பாவிடம், "சாருக்கு எந்தக் கம்பெனியில சர்வீஸு?" என்று அன்பாக விசாரித்தார்.

அந்தக் கை எனக்குத் தெரியும். அந்த விரிப்பு எனக்குத் தெரியும். பேனா மூடியை நாமே கழற்றித்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மூடியைக் கழற்றுகிற அந்த ஒரு நொடியில்தான் ஆளுக்குப் படிக்கலாமே என்று தோன்றும். கையெழுத்து ஓடும்போது குடும்பத்தைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் இப்போது சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எட்டி, அந்த மனிதருடைய கையை நகர்த்திவிட்டு, அடியிலிருந்து இரண்டாவது தாளை உருவினேன். பாதித் தாளுக்கு மேல் வெள்ளையாக இருந்தது. "சொந்தக் காரணங்களால் நான் என் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன், நிறுவனத்திடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று நாலு வரி. தேதி என்று போட்டு அதன் பக்கத்தில் புள்ளிபுள்ளியாகக் காலி இடம். அடியில் உன் கையெழுத்து, அழகாக, கடைசி எழுத்தில் நீ இழுக்கிற அந்த வளைவோடு. வேலையில் சேர்வதற்கு முன்னாலேயே ராஜினாமா கொடுத்ததில் நம் வீட்டில் நீதான் முதல் ஆள் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ இரண்டாவது ஆள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன். "அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா, எல்லாரும் போடறதுதான், ஃபைல்ல கிடக்கும், யாரும் எடுக்கக்கூட மாட்டாங்க" என்றார் அந்த வாசனைப் பெட்டி. உன் மாமா உடனே, "அக்கா, பெரிய இடத்துல இதெல்லாம் சகஜம், நீ நடுவுல புகுந்து அவ வாழ்க்கையைக் கெடுக்காதே" என்று குதித்தான். உன் அப்பா பேனாவைப் பிடித்தபடி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் போடத்தான் இருந்தார், தெரியுமா. யார் தாள் நீட்டினாலும் போடுகிற மனுஷன். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லி அவரை நிறுத்துவது? இதில் ஆபத்து இருக்கிறது என்றால், அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லவேண்டும். வேறு வழி இல்லாமல் சொன்னேன். "எல்லாரும் போடறதுதான்னு நானும் சொல்லியிருக்கேன். இப்படித்தான் நானும் விரிச்சு வைப்பேன். உங்களுக்கும் நான்தான், தெரிஞ்சே விரிச்சு வச்சேன்" என்றேன். உன் அப்பா மேஜையில் கிடந்த மூடியை எடுத்துப் பேனாவுக்குப் போட்டு, அதை அந்த மனிதரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். சென்ட்டுக்காரர் மற்றத் தாள்களைப் பையில் திணித்துக்கொண்டார். இந்தத் தாளைக் கேட்டார், நான் தரவில்லை. சட்டப்படி அது தன் ஃபைலைச் சேர்ந்தது என்றார். எந்தச் சட்டப்படி என்று கேட்டேன், வாசனையை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பர்சனல் செக்ஷனில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அம்மா ஆபீஸில் டைப் அடித்தாள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாய். என்ன டைப் அடித்தேன் என்று நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்தருக்கும் சேருகிற கடிதத்தோடு விலகுகிற கடிதத்தையும் சேர்த்து அடித்து வைப்பேன். தேதி போடாமல். சேருகிற நாளிலேயே இரண்டிலும் கையெழுத்து வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். யாராவது சங்கம் என்று வாயைத் திறந்தால், லீவு கேட்டால், மெஷினில் நிற்கிறவள் வயிற்றுப்பிள்ளைக்காரியாக ஆனால், மேனேஜர் அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லித் தேதியை எழுதுவார். மை மாறக்கூடாது என்பதற்காகக் கையெழுத்து வாங்கிய பேனாவையே தனியாக எடுத்து வைத்திருந்தோம், அவ்வளவு நேர்த்தி. ஆளை நாங்கள் வெளியே அனுப்பவில்லை, அவனே போய்விட்டான், வழக்குப் போட்டாலும் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. ஒருத்தரும் என் முன்னால் உட்கார்ந்து படித்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போது எனக்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

உன் அப்பா அட்டை வெட்டுகிற மெஷினுக்கு ஆளாகச் சேர்ந்தபோதும் தாளை விரித்து வைத்தது நான்தான். அப்போது அவர் எனக்கு யாரோ. இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டோம், அதற்கு எட்டாவது மாதம், வேகமாக வெட்டுவதற்காக மெஷினில் இருந்த காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டார்கள், விரல் போனால் யார் பொறுப்பு என்று இவர் கேட்டார். அன்று சாயங்காலமே அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. மேனேஜர் தேதி எழுதினார், "தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற கடிதத்தை நான்தான் அடித்தேன், என் புருஷனுக்கு, என் கையால், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அவர் வீட்டுக்கு வந்து, "நான்தான் முட்டாள், சேரும்போது என்னத்தையோ படிக்காம போட்டிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாராவது என்னைக் குறை சொன்னால், "பாவம், இவளுக்கு என்ன தெரியும், கொடுத்ததை டைப் அடிக்கிறவ" என்று எனக்காகப் பரிந்து பேசுவார். முப்பத்தைந்து வருடமாக அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமையும் நான் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு அதே ஆபீஸுக்குப் போனேன். நீ வயிற்றில் இருந்தாய், வீடு ஓடவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் அவரிடம் சொல்லாததற்கு அது காரணம் இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தலைமுடி அளவு இடைவெளி தெரிந்தால்கூடப் பல்லைத் திருப்பிச் செய்கிறவள் நீ. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள். மூன்று வருடத்துக்கான ஒன்பது பக்க ஒப்பந்தத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டின இடமெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறாயே, ஒருத்தருடைய கடைவாய்ப் பல்லுக்குக் கொடுக்கிற மரியாதையை உன் மூன்று வருட வாழ்க்கைக்குக் கொடுக்கமாட்டாயா? நீ உன் மாமாவுக்கு அனுப்பிய நகலை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற மொழிபெயர்ப்புக் கடைக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் மொழிபெயர்த்து முத்திரை குத்துகிற அம்மாள் ஒருத்தி, நீ போகப்போகிற நாட்டு மொழி தெரிந்தவள். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், நடுவில் நடக்க இடமில்லாத அளவுக்கு ஃபைல். ஒவ்வொரு பக்கமும் இரண்டு பத்தியாக இருந்தது, அவள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். இடது பக்கம் உனக்குப் புரிகிற மொழி, வலது பக்கம் அவர்கள் மொழி. இடது பக்கத்தில் நீ பல் தொழில்நுட்பர். வலது பக்கத்தில் நீ பயிற்சி பெறுபவள். பன்னிரண்டு வருடமாகப் பல் செய்கிறவள் பயிற்சி பெறுபவள்! கடைசிப் பக்கத்தில், கொசு உட்கார்ந்த மாதிரியான எழுத்தில், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் வலது பக்கம்தான் செல்லும் என்று போட்டிருக்கிறது. அந்த அம்மாள் அந்த நாட்டுத் தொழிலாளர் துறையின் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வேலை நேரச் சட்டம் கிடையாது, வேறு இடத்துக்கு மாறவும் முடியாது, பர்மிட் அந்த லேபின் பெயரோடு ஒட்டியே இருக்கும், லேபை விட்டால் பத்து நாளில் நாட்டை விட வேண்டும். இதெல்லாம் உனக்குப் புரிகிற மொழியிலேயே அந்தப் பக்கத்தில் இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு நம்பரும் இருக்கிறது. கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. "இவங்க யாருமே இதைப் பார்க்க மாட்டாங்கம்மா, எல்லாரும் விமான டிக்கெட்டைத்தான் நாலு தடவை பார்ப்பாங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன்னை நினைத்துக்கொண்டேன்.

அதோடு இந்தத் தாளையும் சேர்த்துப் பார். அவர்கள் தேதி எழுதுகிற நாளில் நீயே வேலையை விட்டவளாகிறாய், எந்த உரிமையும் கோராதவளாகிறாய், பத்து நாளில் பெட்டி கட்டவேண்டும். நான் போனில் லேசாக ஆரம்பித்தபோதே நீ, "அம்மா, இங்க லேபர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா ரெண்டே நாள்ல முதலாளி ஓடி வருவான், நீ சும்மா பயப்படாதே" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். இங்க என்றால் எங்கே? நீ இப்போது இருக்கிற ஊரில். அந்த ஊர்ச் சட்டம் உன்மேல் ஆசைப்பட்டு உன் கூடவே விமானம் ஏறி வருமா? பல்லு எல்லா ஊரிலும் பல்லுதான், சட்டம் அப்படி இல்லை, எல்லை தாண்டினால் அது வேறு வீடு, வேறு பூட்டு. இவ்வளவு படித்தவளுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு எரிகிறது. அந்தச் சென்ட்டுக்காரரை நான் ஏன் திட்டவேண்டும், அவர் தொழிலை அவர் செய்கிறார், உன்னைப் போல ஆட்கள் இருக்கிறவரை அவருக்கு வாசனைக்குக் குறைவிருக்காது. வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையின் பெயரை இரண்டு பக்கமும் ஒன்றாக எழுதித் தரச் சொல், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று எழுத்தில் கேள், விலகல் கடிதத்தில் போட்ட கையெழுத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று இன்றைக்கே அவருக்கும் லேபுக்கும் எழுதி, ஒரு பிரதி வைத்துக்கொள். இருக்கிற வேலையை அதுவரை விட்டுத் தொலைக்காதே. நல்ல முதலாளி என்றால் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டான். கோபப்பட்டால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

உன் அப்பா வியாழக்கிழமையிலிருந்து, நேற்று ஒரு தடவை தவிர, என்னிடம் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், உன் மாமா வந்தால் அவனிடம் பேசுகிறார், என் பக்கம் திரும்பாமல் இருக்கிறார். நேற்று மத்தியானம் நான் இந்தத் தாளை மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து, "என் தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு மனப்பாடம். சொன்னேன், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, அவர் பெயரோடு, அவர் மெஷின் நம்பரோடு. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை இளக்காரமாகப் பேசியது அது ஒன்றுதான். எழுந்து போகிறவர் வாசற்படியில் நின்று, திரும்பாமலே இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு நான் படிக்கலாம்னுதான் கையில எடுத்தேன். நீ, போடுங்க ஒண்ணுமில்லன்னு சிரிச்ச." எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

நீ நன்றாக இருக்கவேண்டும் மகளே. உன் கண் கெடாமல், கை நடுங்காமல், போகிற இடத்தில் தலைநிமிர்ந்து வேலை செய்து, நீயாக விரும்புகிற நாளில் நீயாகத் தேதி எழுதி வெளியே வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, பல் உரசுகிற தூசிக்கு முகமூடி போட்டுக்கொள், சோம்பல்படாதே. உறைக்குள் இருக்கிற தாளை நான் சொன்னேன் என்பதற்காகக் கிழித்துவிடாதே. உட்கார்ந்து, பேனாவைத் தொடாமல், மேலிருந்து கீழ்வரை படி. புரியாத இடத்தை, இதில் ஒரு லாபமும் இல்லாத யாரிடமாவது கேள். அப்புறம் கிழிப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். என் பேச்சை நம்பிச் செய்யாதே, என் பேச்சை நம்பிப் போட்டவர் பின்பக்கத்தில் குழாயைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா